காலி தண்ணி பாட்டில்: ரீசைக்ளிங்குக்குப் போட்டா போதுமா?

வணக்கம் மக்களே. இது சாதாரண ஒரு லிட்டர் தண்ணி பாட்டில். அடியில பாருங்க, முக்கோணத்துக்குள்ள 1னு போட்டிருக்கு, அதாவது பெட் (PET)ங்கிற பிளாஸ்டிக். மூடி பெட் கிடையாது, எச்.டி.பி.ஈ.ங்கிற இன்னொரு பிளாஸ்டிக். லேபிள் வேற ரகம். ஒரே பாட்டில்ல மூணு பிளாஸ்டிக், தலைவலியே அங்கதான்.

பாட்டில்ல ஒரு துண்டு, மூடில ஒரு துண்டு வெட்டி இந்த டம்ளர் தண்ணில போடுறேன். பெட் அடிக்குப் போயிடுச்சு, மூடி மிதக்குது. ஆலையிலயும் இதே வேலைதான், பெரிய தொட்டில. பாட்டிலைச் சின்னச் சின்ன சில்லா அரைச்சு, 80, 90 டிகிரி காஸ்டிக் சோடா தண்ணில பசை போகக் கழுவி, மிதக்கவிட்டுப் பிரிப்பாங்க. இதுல ஏமாத்துறது பி.வி.சி. லேபிள், அதுவும் பெட்டோட சேர்ந்து மூழ்கிடும். பெட்டை உருக்க 250 டிகிரிக்கு மேல வேணும். அந்தச் சூட்டுல பி.வி.சி. கருகி அமிலத்தைக் கக்கும், மொத்தச் சரக்கும் மஞ்சளாயிடும். அதனால ஜூஸ் பாட்டில்ல உடம்பு முழுக்க இறுக்கிப் பிடிச்ச லேபிள் உறை (ஸ்லீவ்) இருந்தா கிழிச்சு எடுத்துடுங்க.

ஈரமும் எதிரிதான். சில்லை 160 டிகிரில மணிக்கணக்கா காயவெச்சு, ஈரத்தை 50 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்துல 50 பங்குக்கு, கீழ கொண்டுவரணும். இல்லேன்னா உருக்கும்போது மூலக்கூறு சங்கிலி அறுந்துடும். அப்புறம் பாட்டிலா ஊத முடியாது, நூலா இழுக்கத்தான் லாயக்கு. 2023 பிப்ரவரில பிரதமர் பார்லிமெண்டுக்குப் போட்டுட்டு வந்த நீல ஜாக்கெட் அப்படிப்பட்ட பாட்டில் நூல்தான், துணி கரூர்ல செஞ்சது. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பாட்டில் நூல் துணி கிழிஞ்சா பெரும்பாலும் குப்பைக்குத்தான். என்னைக் கேட்டா, பாட்டில் மறுபடி பாட்டிலாகுறதுதான் உருப்படியான ரீசைக்ளிங். 2022ல வந்த மத்திய அரசு விதியும் அந்தப் பக்கம்தான் தள்ளுது: கெட்டி பிளாஸ்டிக் பேக்கிங்ல ரீசைக்கிள் சரக்கு 2025-26ல 30 சதவீதம், 2028-29ல 60.

அதுக்கு நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மிச்சத் தண்ணியைக் கொட்டுங்க, நசுக்குங்க, அப்புறம் மூடியைத் திருகுங்க. நசுக்காம மூடினா உள்ள காத்து நின்னு, அழுத்திப் பெரிய கட்டா (பேல்) கட்டும்போது வெடிக்கும். மூடியைத் தனியா வீசினா யாரும் பொறுக்க மாட்டாங்க. எண்ணெய் பாட்டிலைத் தண்ணி பாட்டிலோட கலக்காதீங்க. பச்சைப் பாட்டில் தனி, நிறமில்லாததுக்குத்தான் காயலான் கடையில நல்ல விலை. எரிக்கிறது வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ பெட் முழுசா எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அதுக்கு மேல புகை.

சரி, ரீசைக்ளிங்தான் சிறந்த வழியா? காலியான பாட்டிலுக்கு, ஆமா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு: உருக்காமலே திரும்ப நிரப்புறது. ஜெர்மனில கெட்டியான பெட் பாட்டிலுக்கு 15 சென்ட் டெபாசிட் வாங்கி, திரும்ப வந்ததைக் கழுவி மறுபடி நிரப்புறாங்க. நம்ம 20 லிட்டர் கேனும் அதே கணக்குதான். ஆனா அந்த மெல்லிசு ஒரு லிட்டர் பாட்டிலை வீட்ல வருஷக்கணக்கா ஓட்டாதீங்க. கழுத்து குறுகல், உள்ள தேய்க்க முடியாது. வெந்நீர் ஊத்தினா 70, 75 டிகிரிலயே இளகிச் சுருங்கிடும்.