கம்பெனிக்காக நானே போய்ப் பேசலாமா?

போன காணொளியைப் பார்த்துவிட்டு தேக்காவில் கேட்டரிங் நடத்தும் ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "அண்ணா, ஒரு பெரிய கம்பெனியின் விருந்துக்குச் சாப்பாடு கொடுத்தேன். 4,800 வெள்ளி பாக்கி, ஒன்றரை வருஷமாக இழுக்கிறார்கள். என்னுடையது பிரைவேட் லிமிடெட். வக்கீல் வைக்க வசதியில்லை, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் நானே போய்ப் பேசலாமா?" இரண்டு நாளாக இது மனதைவிட்டுப் போகவில்லை.

தாராளமாகப் போகலாம்மா. சிங்கப்பூரில் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் இந்த மன்றத்துக்கு வக்கீல் வரவே கூடாது, உங்களுக்கும் கிடையாது, அந்தப் பெரிய கம்பெனிக்கும் கிடையாது. அவர்களும் தங்கள் முழுநேர ஊழியர் ஒருவரைத்தான் அனுப்ப வேண்டும். நீங்கள் முழுநேரமாகக் கடையைப் பார்ப்பவர், கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு போங்கள். விவரம் தெரிந்த மச்சானை அனுப்பலாமா என்று கேட்காதீர்கள், அவர் உங்களிடம் வேலை செய்பவராக இருந்தால்தான் சரி.

20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. மனுவை இணையத்திலேயே போடலாம், உங்கள் தொகைக்கு வியாபாரிகளுக்கான கட்டணம் 50 வெள்ளி. ஆனால் இரண்டு வருஷக் கெடு இருக்கிறது, ஒன்றரை ஏற்கெனவே போய்விட்டது, அதனால் இந்த வாரமே உட்காருங்கள்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். யார் பேசுவது என்பதைவிட கையில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. எழுத்தில் வாங்குங்கள், எழுத்தில் வாங்குங்கள் என்று எத்தனை காணொளியில் சொல்லியிருக்கிறேன்! ஏர்கான் பழுது பார்க்கும் என் நண்பர் ஒருவர், தமிழில்கூடத் திக்கித் திக்கித்தான் பேசுவார். வேலை முடிந்த பிறகு வாடிக்கையாளர், இவ்வளவு தொகைக்கு நான் சம்மதிக்கவே இல்லை என்றுவிட்டார். நண்பரிடம் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி இருந்தது, விலையைப் போட்டு இவர் அனுப்பியதற்குக் கீழே "ஓகே அண்ணே, செய்ங்க". அதைக் காட்டியதும் சமரசப் பேச்சிலேயே பணம் வந்தது, விசாரணை வரை போகவே இல்லை.

உங்களிடம் 4,800 என்று போட்ட இன்வாய்ஸ் இருக்கிறதா? எத்தனை தலைக்குச் சாப்பாடு என்று அவர்கள் உறுதி செய்த செய்தி? டெலிவரி ஆர்டரில் வாங்கியவர் கையெழுத்து? இன்றைக்கு ராத்திரியே தேதிவாரியாக அடுக்கிவிட்டு எனக்கு எழுதுங்கள், கையெழுத்து இல்லாவிட்டால் என்ன செய்யலாம் என்று அடுத்த வாரம் பேசுகிறேன்.