கோலமாவில் ஒரு கோடு போட்டுப் பேசுவோம்

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று வடசென்னையின் பல பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். தெரு நன்றாக இருக்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. எப்படி என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். தெருவில் நடக்க, வண்டி நிறுத்த, வியாபாரம் செய்ய எதற்கு எவ்வளவு இடம் என்று, ஒரே தெருவில் இருக்கிற நாம் எப்படி ஒரு முடிவுக்கு வருவது என்பதை மட்டும் இன்று பேசுகிறேன்.

வழக்கமாக இப்படிப் பேச்சுவார்த்தை என்றால் வீட்டுச் சொந்தக்காரர்கள் வருவார்கள், கடை முதலாளிகள் வருவார்கள், கவுன்சிலரும் மாநகராட்சிப் பொறியாளரும் இருப்பார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் நம் பக்கத்தில் தெருவை அதிகம் பயன்படுத்துவது அவர்கள்தான். ஒண்டிக்குடித்தனத்தில் ஒற்றை அறையில் ஒரு குடும்பமே இருக்கும்போது, பிள்ளை படிப்பதும் பெரியவர் காற்று வாங்குவதும் அடிபம்பில் தண்ணீர் அடிப்பதும் தெருவில்தானே? காசிமேட்டிலிருந்து கூடையோடு வருகிற மீன்கார அம்மா, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றுபவர், பண்டல் தூக்குகிற தொழிலாளி, இவர்களைக் கேட்காமல் வாங்கிய கையெழுத்தை ஒப்புதல் என்று நான் ஏற்க மாட்டேன். தெரு வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், தெரு வியாபாரத்தை முறைப்படுத்துகிற நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நகரம் முழுவதற்கும் அப்படிச் சட்டம் இருக்கும்போது, நம் தெருவுக்கும் அந்த நியாயம் வேண்டாமா?

அடுத்தது அளவு. சண்டை முக்கால்வாசி இங்கேதான் வரும். 24 அடித் தெரு என்று வையுங்கள். நடைபாதையில் தடங்கலில்லாமல் 1.8 மீட்டராவது வேண்டும் என்பது சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு. ஏறக்குறைய 6 அடி. இரண்டு பக்கமும் போட்டால் 12 அடி போய்விடும். மிச்சம் 12 அடியில் ஒரு பக்கம் பைக்கைக் குறுக்காக நிறுத்தினால் இன்னொரு 6 அடி. அப்புறம் ஆம்புலன்ஸ் எங்கே நுழையும்? தீயணைப்பு வண்டிக்கே 8 அடிக்கு மேல் அகலம். ஆக, எல்லாருக்கும் எல்லாம் கிடைக்காது. ஒரு பக்கம் மட்டும் நடைபாதையா, பைக்கை நீளவாக்கில் நிறுத்துவதா, ஒருவழிப் பாதையா? ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 12 அடிச் சந்துக்குத் தனி நடைபாதையே வேண்டாம் என்பேன். மொத்தமும் ஒரே மட்டத்தில் நடப்பவர்களுக்கு இருக்கட்டும், வண்டி மெதுவாகப் போகட்டும்.

இதைக் காகிதத்தில் காட்டினால் பாதிப் பேருக்குப் புரியாது. தெருவில் இறங்கி, கோலமாவால் கோடு போட்டு, "அக்கா, இதுதான் நடைபாதை, இங்கே உங்கள் கூடை, இது போதுமா?" என்று கேட்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரை அந்தக் கோட்டுக்குள் ஒருமுறை போய் வரச் சொல்ல வேண்டும். கோட்டின் நடுவில் மின்வாரியப் பெட்டி நிற்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அகலத்தைக் கூட்ட முடியாது, நேரத்தைப் பங்கு போடலாம். எம்.சி. ரோட்டில் ஜவுளி இறக்குகிற லாரிக்கும் தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிற கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் இடம் கேட்டால் எந்தப் பொறியாளராலும் தர முடியாது. விடியற்காலை சரக்கு, பகலில் வியாபாரம், பள்ளி விடுகிற நேரத்தில் வண்டிக்குத் தடை, ராத்திரி பைக் நிறுத்த இடம். "உனக்கு எத்தனை அடி வேண்டும்" என்பதை விட்டுவிட்டு "உனக்கு எந்த நேரம் வேண்டும்" என்று கேளுங்கள். கடைக்காரரும் நடைபாதை வியாபாரியும் பேசவே முடியாது என்கிற இடத்தில்கூட இந்தக் கேள்விக்குப் பதில் வரும்.

விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்றும் உண்டு. சாலையின் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால்தான் நம் பக்கத்தில் பல வீடுகளுக்கு இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழை வந்தால் தெருத் தண்ணீர் முதலில் வருவது வீட்டுக்குள்தான். சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருக்கிறார். வேலை தொடங்குமுன் வாசற்படியிலிருந்து தெரு எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதி, ஒப்பந்ததாரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, மழைநீர் வடிகால், கடைசியில் தார். இந்த வரிசை மாறினால் போட்ட ரோட்டை மறுபடி வெட்டுவார்கள். எனவே குடிநீர் வாரியமும் மின்வாரியமும் மாநகராட்சியும் ஒரே நாளில் ஒரே தெருவில் நிற்க வேண்டும்.

முடிவானதை இரண்டு பக்கத்துக்குள் தமிழில் எழுதி, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். எத்தனை அடி, எந்த நேரம், வடிகாலில் வண்டல் எடுப்பது யார், ஒத்துக்கொள்ளாதவர் சொன்னது என்ன, எல்லாம் அதில் இருக்க வேண்டும். தமிழக அரசின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி வார்டு குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபையும் நமக்கு இருக்கின்றன. அந்தக் காகிதத்தைப் பகுதி சபையில் வைத்துத் தீர்மானமாக்கச் சொல்லி, கவுன்சிலரிடம் ஒரு நகல் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டிகள் கிளம்புமுன், ஒரு அளவு நாடாவும் கோலமாவும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வாருங்கள். பக்கத்து வாடகை வீட்டுக் கதவையும் தட்டிக் கூட்டி வாருங்கள்.