கூப்பிட்டால் விசில் அடிக்கிறது, கை நீட்டினால் சீறுகிறது: காக்டெயிலைப் பழக்குவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன், காக்டெயில் என்கிற கொண்டை வைத்த சின்னக் கிளி வகையைப் பற்றி. ஒரு சகோதரி அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன்.

“அண்ணா, காக்டெயில் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கூண்டுக்குள் கை விட்டாலே பாம்பு மாதிரி சீறுகிறது, கொத்த வருகிறது. ஆனால் வெளியே நின்று நான் விசில் அடித்தால் அதுவும் திருப்பி விசில் அடிக்கிறது. அதற்கு என்னைப் பிடிக்குமா, பிடிக்காதா? இறக்கையை வெட்டிவிட்டால் சீக்கிரம் பழகும் என்று சிலர் சொல்கிறார்கள். துணைக்கு இன்னொன்று வாங்கு என்று சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?”

சரி. முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிடிக்கும் அம்மா. பிடிக்காத ஆளுக்கு அது பெரும்பாலும் பதில் விசில் அடிக்காது. காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதிகளில் கூட்டமாகத் திரிகிற பறவை. கூட்டம் கண்ணில் படவில்லை என்றால் குரல் கொடுத்துத்தான் தேடும். நீங்கள் அடுத்த அறைக்குப் போனதும் ஓங்கிக் கத்துகிறது என்றால் “எங்கே போனாய்” என்று கேட்கிறது. அங்கிருந்தே ஒரு சின்ன விசில் கொடுத்தால் போதும், பெரும்பாலும் அடங்கிவிடும். ஓடி வந்து நிற்க வேண்டாம். ஓடி வந்தால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும்.

பிரச்சினை உங்கள் கையோடுதான். அதன் கணக்கில் உங்கள் முகமும் குரலும் ஒன்று, கை வேறொன்று. யோசித்துப் பாருங்கள், இதுவரை அதன் வாழ்க்கையில் கை என்ன செய்திருக்கிறது? கூட்டத்தில் இருந்து பிடித்திருக்கிறது, பெட்டியில் போட்டிருக்கிறது, புது இடத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இது தரையில் விதை பொறுக்கித் தின்கிற பறவை வேறு. மேலிருந்து எது இறங்கினாலும் அதற்குப் பருந்துதான். நாமோ கூண்டுக்குள் கையை எப்போதும் மேலிருந்துதான் விடுகிறோம்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்தப் பறவை “வேண்டாம்” என்று சொன்னால் அந்த வேண்டாமுக்கு மதிப்பு இருக்க வேண்டும். சொன்னால் கை நின்றுவிடும் என்று அதற்குத் தெரிந்த பிறகுதான் “சரி, வா” என்று சொல்லும்.

“வேண்டாம்” என்பதை எப்படிச் சொல்லும்? கொண்டையைப் பாருங்கள். காக்டெயிலிடம் இருக்கிற பெரிய வசதியே இதுதான், மனதில் இருப்பதைத் தலையில் எழுதி வைத்திருக்கும். கொண்டை லேசாகப் பின்னால் சாய்ந்து, நுனி மட்டும் மேலே வளைந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது. விறைப்பாக நேரே நின்றால் எதையோ கண்டு மிரண்டிருக்கிறது, அல்லது உற்றுக் கவனிக்கிறது. தலையோடு ஒட்டப் படுத்துவிட்டு வாயும் திறந்திருந்தால் அதுதான் நீங்கள் சொன்ன சீறல். அதற்கு அடுத்தது கடி.

ஆனால் சீறுகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே சொல்லிவிடும். இறகுகளை உடம்போடு ஒட்டி இறுக்கிக்கொண்டு ஒல்லியாகத் தெரியும். கையிருக்கும் பக்கத்திலிருந்து உடம்பு மட்டும் சாயும், கால்கள் அது உட்கார்ந்திருக்கும் கட்டையிலேயே இருக்கும். அந்தச் சாய்வைப் பார்த்தவுடன் கையை நிறுத்தி, மெதுவாக ஒரு சாண் பின்னால் எடுத்துவிடுங்கள். “கையை எடுத்தால் அது நம்மை ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளும்” என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. சாய்ந்ததற்கே கை போய்விட்டால் அதற்குக் கடிக்க வேண்டிய தேவையே வராது. சாய்ந்தும் கேட்கவில்லை, சீறியும் கேட்கவில்லை என்றால் கடித்துத்தான் பார்க்கும். அப்போது நாம் வெடுக்கென்று கையை இழுப்போம், கடித்தால்தான் வேலை நடக்கிறது என்று அது முடிவுகட்டும். கடிக்கிற பறவைகளில் பல இப்படி நாமே உருவாக்கியவை.

இனி வேலைக்கு வருவோம். உங்களுக்குத் தேவை தினைக் கதிர். உதிர்த்த தினை இல்லை, காம்போடு இருக்கிற கதிர். இதில் விஷயம் அதன் நீளம்தான். அடிக்காம்பை நீங்கள் பிடித்துக்கொண்டால் நுனி கையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும். முதல் சில நாட்கள் கூண்டுக்குள் கையே போக வேண்டாம். கம்பிக்கு வெளியே நின்று நுனியை மட்டும் உள்ளே நீட்டுங்கள். அது என்ன செய்யும் தெரியுமா? கால் இரண்டையும் பின்னாலேயே வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நீட்டி ஒரு மணியைப் பறித்துக்கொண்டு பின்னால் போய்விடும். அங்கே நின்று உமியை உரித்துக்கொண்டே உங்களைப் பக்கவாட்டில் ஒரு கண்ணால் பார்க்கும். பேசாமல் நில்லுங்கள். இன்னொரு மணி எடுக்க வரும். சில மணிகளுக்குப் பிறகு பின்னால் போகாமல் அங்கேயே நின்று தின்னும். உடம்பை ஒரு முறை சிலிர்த்து உதறும், கொண்டை தளரும். அன்றைக்கு அது போதும். இன்னும் தின்கிறதே என்று நீட்டிக்கொண்டு போகாதீர்கள், அது கேட்கிற நேரத்திலேயே நிறுத்துங்கள். பத்து நிமிடம், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

நாளாக ஆகக் காம்பை இன்னும் கொஞ்சம் மேலே பிடியுங்கள். கதிர் தானாகக் குட்டையாகும், அலகு விரலுக்குப் பக்கத்தில் வரும். அதற்கு அப்புறம் கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, வாசலில், கூண்டுக்கு வெளியே கதிரைக் காட்டுங்கள். கூண்டு அதன் வீடு, அங்கே அது காவல் காக்கத்தான் செய்யும். வெளியே வந்துவிட்டால் பாதிப் பறவைகள் ஆளே மாறிவிடும். உள்ளங்கையில் கொஞ்சம் தினை, விரலைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும் என்கிற மாதிரி. ஒரு கால் வைக்கும், எடுக்கும், மறுபடி வைக்கும். விரலைக் கட்டை மாதிரி அசையாமல் வைத்திருங்கள். ஆடுகிற கட்டையில் எந்தப் பறவையும் ஏறாது. தானாக ஏறப் பழகிய பிறகு, கீழிருந்து விரலைக் கொண்டுபோய்க் கால்களுக்குச் சற்று மேலே, அடிவயிற்றில் மெல்லத் தொட்டு “ஏறு” என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள்.

கடித்தால்? கத்தாதீர்கள், அலகைச் சுண்டாதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள். கையுறை, துண்டு எதுவும் வேண்டாம். அன்றைக்கு முடித்துக்கொண்டு, அடுத்த தடவை ஒரு படி பின்னால் இருந்து தொடங்குங்கள். எத்தனை நாளில் பழகும் என்று கேட்காதீர்கள். கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு சில நாட்களில் தோளில் ஏறும், தாய்ப்பறவையிடமே வளர்ந்தது மாதக்கணக்கில் எடுக்கும். இரண்டும் பழகும். 15, 20 வருடம் வாழக்கூடிய பறவை இது, உங்களுக்கு என்ன அவசரம்?

ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பழக்குவதற்காகப் பட்டினி போடாதீர்கள். மொத்தமே 80 முதல் 100 கிராம் எடையுள்ள உடம்பு அது. தினைக் கதிரைப் பழக்குகிற நேரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால் போதும், அதற்காகவே வரும். கிராம் காட்டுகிற சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் வாரம் ஒருமுறை அதில் நிற்க வையுங்கள். பறவைகள் நோயைக் கடைசி வரை மறைக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் பறவை மருத்துவரிடம் போக வேண்டும். உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலோ தராசெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

இப்போது இறக்கை. வெட்டினால் சீக்கிரம் பழகும் என்பது பார்வைக்கு உண்மை மாதிரி இருக்கும். ஓட முடியாததால் அப்படியே உட்கார்ந்திருக்கும், நாம் அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொள்வோம். “வேண்டாம்” என்று சொல்லப் பறவைக்கு இருக்கிற முக்கியமான வழியே பறந்து போவதுதான். அதை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது கடி மட்டும். பயத்தில் எகிறிக் குதித்து நெஞ்செலும்பில் அடிபட விழுகிற ஆபத்தும் உண்டு. வெட்டிய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் என்பது சரிதான். ஆனாலும் என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே. அதற்குப் பதிலாக அறையைத் தயார் செய்யுங்கள். மின்விசிறி ஓடவே கூடாது. ஜன்னலும் கதவும் மூடியிருக்க வேண்டும், பெரிய கண்ணாடிகளில் திரை விழுந்திருக்க வேண்டும். சமையலறைப் பக்கம் வேண்டாம். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அடுப்பில் அதிகமாகச் சூடேறினால் வருகிற புகை, அடுத்த அறையில் இருக்கும் பறவையைக்கூடக் கொன்றுவிடும்.

துணை விஷயத்துக்கு வருவோம். நீங்கள் பகல் முழுக்க வீட்டில் இல்லை என்றால் இன்னொன்று வாங்குவது நியாயம்தான், கூட்டத்தில் வாழப் பிறந்ததைத் தனியாக அடைத்து வைப்பது பாவம். ஆனால் உங்களிடம் பழகுவதற்கு மருந்தாக வாங்காதீர்கள். அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உங்கள் கை அதே பழைய கைதான். முதலில் இதைப் பழக்குங்கள். பழகிய பறவையைப் பார்த்துப் புதியது சீக்கிரம் வரும். வாங்கினாலும் குறைந்தது 30 நாள் தனி அறையில், தனிக் கூண்டில். கிளி வகைகளில் வருகிற சிட்டகோசிஸ் என்ற தொற்று காக்டெயிலில் வெளியே தெரியாமல் இருக்கும், மனிதருக்கும் பரவும்.

ஆண், பெண் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிற வகையில், முதல் இறகு மாற்றத்துக்குப் பிறகு ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். பெண்ணுக்கு முகம் மங்கலாகவும், வாலின் அடிப்பக்கம் கோடுகளோடும் இருக்கும். வெள்ளை, மஞ்சள் வகைகளில் இப்படிச் சொல்வது கஷ்டம். நீளமாக, மெட்டு மாற்றி விசில் அடிக்கிறது என்றால் உங்களுடையது ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெண்ணாக இருந்தால் ஜோடி இல்லாமலே முட்டை இடலாம் என்பதை நினைவில் வையுங்கள். முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வது உயிருக்கு ஆபத்து. அதனால் கூண்டில் கடல் நுரை, அதாவது கணவாய் ஓடு, எப்போதும் தொங்கட்டும். ஜோடி சேர்க்கிற எண்ணம் இல்லாவிட்டால் கூடு மாதிரி இருட்டுப் பெட்டி எதுவும் வைக்காதீர்கள். இதே காரணத்துக்காகத்தான் முதுகைத் தடவாதீர்கள் என்கிறேன். முதுகும் இறக்கைக்கு அடியும் துணைப் பறவை தொடுகிற இடம். நீங்கள் தலையும் கன்னமும் மட்டும். அதுவே தலையைக் குனிந்து காட்டும். இறகு படிந்திருக்கிற திசைக்கு எதிராக, விரல் நுனியால் மெதுவாகக் கோதுங்கள். ஊசி மாதிரிப் புது இறகு முளைத்திருந்தால் அதை அழுத்தாதீர்கள், வலிக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெறும் விதையில் வளர்த்தால் வைட்டமின் ஏ குறையும், கல்லீரலில் கொழுப்பு சேரும். பெல்லட்டும், அதாவது பறவைகளுக்கென்று செய்த உருண்டைத் தீவனமும், கீரையும் கேரட் துருவலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். விதையை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், புதியதை உணவு என்றே தெரியாமல் பட்டினி கிடக்கும். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம் கிட்டவே வரக்கூடாது.

கடைசியாக இரவு. 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காக்டெயிலுக்கு இருட்டில் திடீரென்று மிரண்டு கூண்டு முழுக்க அடித்துக்கொள்கிற வழக்கம் உண்டு. பலர் இதைப் பார்த்து வலிப்பு என்று பயந்துவிடுகிறார்கள். ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும், துணியால் மூடினாலும் ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். அடித்துக்கொண்டால் உள்ளே கைவிட்டுப் பிடிக்காதீர்கள். இத்தனை நாள் கையை நம்ப வைத்ததெல்லாம் வீணாகும். விளக்கைப் போட்டு, தள்ளி நின்று, பகலில் அடிக்கிற அதே விசிலை மெதுவாக அடியுங்கள். அடங்கிய பிறகு இறக்கையில் ரத்தம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், அப்போது மட்டும் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

பேசுமா என்று இன்னொருவர் கீழே கேட்டிருக்கிறார். ஆண் சில சொற்கள் பேசலாம், விசில்தான் அதற்கு இன்னும் சுலபம். பேச வைக்க வேண்டும் என்றால் விசிலுக்கு முன்னால் சொல்லைத் தொடங்குங்கள், விசில் ருசி கண்டுவிட்டால் சொல்லைச் சட்டை செய்யாது. சகோதரி, உங்களுடையது ஏற்கெனவே விசிலுக்குப் போய்விட்டது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். சரி, அடுத்த வீடியோவில் கூண்டு அளவு பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்கிறேன்.