ஐந்தடியில் ஒரு துயரம்

நேயர்களுக்கு வணக்கம்.

அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் இகழப்படுவது, இழவு என்றால் இழப்பு, அசைவு என்றால் பழைய நிலையிலிருந்து தாழ்வது. இழவும் அசைவும் ஒன்றாக வந்து விழுந்த பாட்டு புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட, பாரி இறந்த பின் அவன் மகள்கள் பாடியது. கேளுங்கள்:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

துயரத்தைக் குறிக்கும் சொல் இதில் ஒன்றுகூட இல்லை. நிலவைச் சொல்லும் அடிகளில் மாறுவது அகரமும் இகரமும்தான். நிலவு அதே நிலவு. இன்னொன்றைப் பாருங்கள். முதலில் தந்தை, பிறகு குன்று. இழப்பைச் சொல்லும்போது வரிசை திரும்பிவிடுகிறது: முதலில் குன்று போகிறது, தந்தை கடைசிக்கு வருகிறார், ‘இலமே’ என்று பாட்டு நின்றுவிடுகிறது. ‘வென்று எறி முரசின் வேந்தர்’ என்பதைப் பழைய உரைகாரர் இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார். வஞ்சித்துக் கொன்றவர்களுக்கு வெற்றி முரசு! கோபத்துக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

எழுதிப் பழகுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘நெஞ்சு வெடித்தது’, ‘கண்ணீர் ஆறாய் ஓடியது’ என்று முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், கேட்பவருக்குச் செய்ய வேலை இல்லை.

அப்படியானால் சுருக்கம்தான் விதியா? இல்லை. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய 235ஆம் பாட்டில் ‘மன்னே’ ஏழு முறை வருகிறது. ‘மன்’ இங்கே கழிந்துபோனதைக் காட்டும் இடைச்சொல். ஏழு முறை வந்தும் சலிக்கவில்லை. ஒவ்வொரு ‘மன்னே’க்கு முன்னும் கள், சோறு, எலும்போடு கூடிய இறைச்சி, தலையை வருடிய நரந்தம் மணக்கும் கை என்று கையால் தொடக்கூடிய ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஒப்பாரி ஓசை.

எனக்கு மிகவும் பிடித்தது 242, குடவாயிற் கீரத்தனார் பாட்டு. ஆறே அடி. இளையோர் சூடார், வளையோர் கொய்யார், பாணன் சூடான், பாடினி அணியாள். நான்கு மறுப்புகள் வந்துவிட்டன. எந்தப் பூ என்றும் தெரியாது, ஏன் என்றும் தெரியாது. சாத்தன் என்ற வீரன் மாய்ந்த செய்தி ஐந்தாம் அடியில்தான் வருகிறது. ஆறாவதில் புலவர் பூவைப் பார்த்துக் கேட்கிறார்: “முல்லையும் பூத்தியோ, ஒல்லையூர் நாட்டே?”

அந்த ‘உம்’மைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பாருங்கள்.