மெழுகில் ஒரு பூ, சரிகையில் ஒரு பூ
(கோலாலம்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

துணியில் காணும் பூவின் வடிவத்தைத் தொழில்நுட்பமும், அதன் பொருளை உடுத்துவோரின் வழக்கமும் தீர்மானிக்கின்றன என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை சோழமண்டலக் கரையில் உருவாகி, கப்பலேறி இந்த மலாய்த் தீவுகளுக்கும் வந்த சீட்டித் துணிகளை முதலில் எடுத்துக்கொள்வோம். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலையும் கருப்பு வரவேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலையும் மூங்கில் எழுதுகோலால் தீட்டி, சாயவேரோடு கொதிக்கவைத்து, நீலம் ஏறக்கூடாத பகுதிகளை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் தோய்த்தார்கள். எழுதுகோல் தடையின்றி ஓடியதால் கொடி வளைந்து நெளிந்தது. இயற்கையில் ஒன்றுசேராத பூக்களெல்லாம் ஒரே கொடியில் மலர்ந்தன. உள்நாட்டு நெசவு நலியும் என்று அஞ்சிய பிரெஞ்சு அரசு, 1686இல் இத்துணிகளைத் தடைசெய்யும் அளவுக்கு அங்கே அவற்றின்மீது மோகம் இருந்தது.

யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் 2021இல் இடம்பெற்ற சொங்கெட் என்ற மலாய்ச் சரிகை நெசவுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பாவு நூல்களை எண்ணி எடுத்து, பொன்னிழையைக் கூடுதல் ஊடையாகச் செலுத்தித்தான் அங்கே பூ உருவாகிறது; ஆகவே புங்கா தஞ்சோங், அதாவது நம் மகிழம்பூ, படிப்படியாக ஏறியிறங்கும் விளிம்புகளோடு நிற்கிறது. சாரோங்கின் உடலில் இத்தகைய பூக்கள் சிதறிக் கிடக்க, அதன் தலைப்பகுதியில் மூங்கில் குருத்து வடிவங்கள் முக்கோணங்களாக அணிவகுக்கும்.

இந்த இட ஒழுங்கு நமக்குப் புதிதன்று. மஸ்ஜித் இந்தியா சாலைக் கடைகளில் காஞ்சிப் பட்டை விரித்துப் பார்ப்பவர்கள், உடலில் மல்லிமொக்கையும் கரையில் தாழம்பூ ரேக்கையும் எளிதில் கண்டுகொள்வார்கள். பிரம்மனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவபூசைக்கு ஆகாது என்று புராணம் விலக்கிய அதே தாழம்பூ, முகூர்த்தப் புடவையின் கரையில் எவ்விதத் தயக்கமுமின்றி அமர்ந்திருப்பதைக் காணும்போது, குறியீட்டைப் பற்றிய நம் உறுதியான பேச்சுகள் சற்றே தளர்ந்துபோகின்றன.

கிளந்தான், திரங்கானு மாநிலங்களின் பாத்தேக்கில், அதாவது மெழுகிட்டுச் சாயமேற்றும் துணியில், பூவும் இலையும் மிகுந்திருப்பதற்கு, மனித, விலங்கு உருவங்களைத் தவிர்க்கும் இஸ்லாமிய மரபு ஒரு முக்கியக் காரணம். அப்பூக்களுள் ஒன்றான செம்பருத்தி 1960இல் நம் தேசிய மலராயிற்று. அதன் ஐந்து இதழ்களுக்கு மலேசியாவின் தேசியக் கொள்கையான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைப் பொருளாகச் சொல்கிறோம். அக்கோட்பாடுகளோ, மலர் தேர்வாகிப் பத்து ஆண்டுகள் கழிந்தபின் 1970இல்தான் பிரகடனம் செய்யப்பட்டன.