தடுமாறும் மீனைத்தான் பாஸ் பார்க்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாஸ் என்ற மீனைப் பற்றியும், அதைப் பிடிக்க வீட்டிலேயே மரத்தில் செதுக்கும் பொய்யிரையைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். உணவகங்களில் சீ பாஸ் என்று எழுதியிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்தில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் கொடுவா. நான் சொல்வது நன்னீர் மீன். வட அமெரிக்காவின் ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் உரிய லார்ஜ்மவுத் பாஸ். பச்சை முதுகு, விலாவில் நீளமாக ஓடும் கரும்பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும் அகன்ற வாய்.

அதன் குணத்தைப் புரிந்துகொள்ள நம் விராலை நினைத்துக்கொண்டால் போதும். இரண்டுக்கும் உறவு கிடையாது, ஆனால் பழக்கம் ஒன்று. முழுகிக் கிடக்கும் மரக்கட்டை ஓரத்திலோ, பாசிக்கு அடியிலோ, படகுத்துறை நிழலிலோ அசையாமல் நிற்கும். எதிரே ஏதாவது தடுமாறிக்கொண்டு வந்தால் ஒரே பாய்ச்சல். வாயைத் திறந்த வேகத்தில் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். தடுமாறிக்கொண்டு என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்ல வந்ததே அதுதான்.

நான் பல ஆண்டுகளாக அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் வசிக்கிறேன். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் அணைக்கட்டு ஏரிகள். 1933இல் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் ஆறுகளை மறித்துக் கட்டியவை பல. அந்த ஆணையத்தின் முதல் அணையான நாரிஸ் 1936இல் கட்டி முடிந்தது. இந்த ஏரிகள்தான் பாஸுக்கு வீடு. வார இறுதியில் அவற்றின் கரையில் நின்றால், பெட்டி நிறைய பிளாஸ்டிக் மீன்களோடு இறங்குகிறவர்களைப் பார்க்கலாம். செதில், கண், செவுள் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். கடையில் பார்க்கும்போது நமக்கே கை நீளும். ஆனால் பாஸ் அந்த அழகைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது ஓட்டத்தை.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் யாரும் விஞ்ஞானிகள் இல்லை. பின்லாந்தில் லௌரி ரப்பாலா என்ற ஏழை மீனவர் இருந்தார். ஏரியில் படகு வலித்துக்கொண்டே, சிறு மீன் கூட்டத்துக்குள் பெரிய மீன் புகுந்து வேட்டையாடுவதைக் கவனித்தார். கூட்டத்தில் நூற்றுக்கணக்கான மீன்கள் இருந்தும், சற்றே நிலைகுலைந்து நீந்தும் ஒன்றையே அது குறிவைத்தது. 1936இல் தக்கையைக் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த ஈயத்தாளை மேலே ஒட்டி, பழைய புகைப்பட பிலிமை உருக்கிப் பூசி ஒரு மீன் செய்தார். இழுத்தால் அந்த நிலைகுலைந்த மீனைப் போலவே அது ஆடும். 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோவின் படத்தை அட்டையில் தாங்கி வந்த அமெரிக்க இதழான லைஃபில் இந்த மீனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. நடிகை இறந்த சில நாட்களில் வந்த இதழ், நாடெங்கும் விற்றுத் தீர்ந்தது. அதன் பிறகு அந்தப் பின்லாந்துத் தக்கை மீனுக்கு அமெரிக்காவில் ஏற்பட்ட கிராக்கி கொஞ்சநஞ்சமில்லை.

இனி எங்கள் டென்னசிக் கதை. இதைச் சொல்லாமல் நான் எங்கும் பேச்சை முடிப்பதில்லை.

நாரிஸ் ஏரிக்குப் பக்கத்தில் மேனார்ட்வில் என்று ஒரு சிற்றூர். 1960களின் பிற்பகுதியில் அங்கே ஃபிரெட் யங் என்பவர் உடல்நலம் தேறிக்கொண்டு வீட்டில் இருந்தார். கையில் கத்தியும் பால்சா மரத்துண்டும். பால்சா என்பது ஈக்வடாரிலிருந்து வரும் மிக இலேசான மரம். பொம்மை விமானம் செய்கிறவர்கள் வாங்குவார்கள். நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். அந்த மரத்தில் அவர் ஒல்லியான மீனைச் செதுக்கவில்லை. குட்டையாக, உருண்டையாக, தொப்பை வைத்த ஒரு மீனைச் செதுக்கினார். முகத்தில் சதுரமான ஒரு தகட்டை உதடு போலப் பொருத்தினார். ஆஜானுபாகுவான தம் சகோதரர் ஓடிஸின் நினைவாக அதற்குப் பிக் ஓ என்று பெயர் வைத்தார்.

போட்டி மீன்பிடிப்பு அப்போதுதான் சூடுபிடித்துக்கொண்டிருந்தது. ரே ஸ்காட் என்பவர் 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் முதல் பெரிய போட்டியை நடத்தினார். அடுத்த ஆண்டே பாஸ் மீன்பிடிப்போருக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அந்தப் போட்டிக்காரர்கள் காதுக்கு ஃபிரெட் யங்கின் மீன் எட்டியது. அவரோ ஒவ்வொன்றையும் கையால் செதுக்குகிறவர். எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? அதனால் ஒரு வேடிக்கை நடந்தது என்று இங்கே சொல்வார்கள். வைத்திருந்தவர்கள் அதை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டார்களாம். முன்பணம் கட்டிவிட்டு, ஒரு நாளுக்கு இத்தனை டாலர் என்று கொடுத்து எடுத்துப் போக வேண்டும். ஏரியில் தொலைத்தால் முன்பணம் போயிற்று. மரத்துண்டில் செய்த மீனுக்கு வாடகை! 1973இல் காட்டன் கார்டெல் என்ற தயாரிப்பாளர் அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஓராண்டுக்குள் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஏன் அப்படி? அந்தச் சதுர உதட்டில்தான் விஷயம் இருக்கிறது. நரம்பைச் சுற்றும் ரீலைச் சுழற்றும்போது பிக் ஓ தலையைக் கீழே குத்திக்கொண்டு வரும். வழியில் முழுகிய கட்டை இருந்தால் உதட்டின் மூலைதான் முதலில் முட்டும், தூண்டில் முள் முட்டாது. முட்டியதும் உடல் ஒரு பக்கம் சாய்ந்து, கட்டையைத் தாண்டி விழுந்து, ஒரு கணம் வழி தவறிப்போய், மீண்டும் நிமிரும். அந்த ஒரு கணம்தான்! கட்டையோரம் நிற்கும் பாஸுக்கு அதுவரை பொறுமை இருந்திருக்கும். அந்தத் தடுமாற்றத்தைக் கண்டதும் பொறுமை போய்விடும். புதிதாக வருகிறவர்கள் கட்டையைக் கண்டால் பயந்து ஓரமாக எறிகிறார்கள். கட்டைக்கு அப்பால் எறியுங்கள், முட்டும்படி இழுத்து வாருங்கள். சிக்கிக்கொண்டால் தூண்டில் நரம்பைத் தளரவிடுங்கள். பால்சா மிதக்கும் மரம், பெரும்பாலும் தானே பின்வாங்கி மேலே வந்துவிடும். திரும்பவும் சொல்கிறேன், முட்டட்டும்.

சரி, மரத்துண்டுக்கு ஆட்டம் எங்கிருந்து வருகிறது? தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எல்லோரும் தள்ளிப் பார்த்திருப்பீர்கள். அடியில் கனம் இருப்பதால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிரும். மர மீனும் அப்படித்தான். வயிற்றுக்குள் ஒரு சிறு ஈயக்குண்டு புதைத்திருக்கும். இழுக்கும்போது தண்ணீர் உதட்டில் மோதி இரண்டு பக்கமும் மாறி மாறி வழிந்தோடுகிறது. அது உடலைச் சாய்க்கிறது, ஈயம் நிமிர்த்துகிறது. சாய்ப்பதும் நிமிர்வதும் விநாடிக்குப் பல முறை நடந்தால் அதுதான் ஆட்டம். தூண்டில் கோலைப் பிடித்திருக்கும் கையிலேயே அந்த அதிர்வு தெரியும். மீனுக்கு விலாவில் பக்கக்கோடு என்ற உணர்வு உறுப்பு இருக்கிறது. கலங்கிய தண்ணீரில் கண் உதவாதபோதும் அந்த அதிர்வை அது உணர்ந்துகொள்ளும்.

செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விரல் நீளத்துக்குப் பால்சாவோ, கொஞ்சம் கெட்டியான பாஸ்வுட் மரமோ எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதே உதட்டுக்கான வெட்டைப் போட்டுவிடுங்கள். உருட்டிச் செதுக்கிய பிறகு நேராக வெட்டவே முடியாது. இந்த ஒரு வெட்டு கோணினால் மீன் வாழ்நாள் முழுக்கக் கோணலாகத்தான் ஓடும். உதடு உடலுக்குச் செங்குத்தாக நிற்க நிற்க மேலாகவே அகலமாக ஆடும். உடலோடு நேர்க்கோட்டில் முன்னால் நீள நீள ஆழத்துக்குப் போகும். பிறகு வயிற்றை நீளவாக்கில் கீறி, மூக்கு முதல் வால் வரை துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்றை உள்ளே படுக்க வையுங்கள். மூக்கிலும் வயிற்றிலும் வாலிலும் வளையங்கள் வெளியே தெரிய வேண்டும். மரம் உடைந்தாலும் கம்பியில் மீன் நிற்கும். ஈயத்தை வயிற்றின் முன்பாதியில் வைத்து எப்பாக்ஸி பசையால் மூடிவிடுங்கள். அப்புறம் கத்தி, அரம், உப்புத்தாள். பால்சாத் தூள் மாவு போல் நுண்ணியது, மூக்கை மூடிக்கொண்டு தேயுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். வண்ணம் பூசுவதற்கு முன் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். எல்லோரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். முதலில் மரத்துக்குள் தண்ணீர் புகாதபடி மெல்லிய பசைப்பூச்சு ஒன்று கொடுங்கள். உதட்டைப் பொருத்துங்கள், முட்களை மாட்டுங்கள், தொட்டியிலோ குளத்திலோ இழுத்துப் பாருங்கள். வலப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தைக் குறட்டால் மயிரிழை அளவு இடப்பக்கம் வளையுங்கள். இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம். மயிரிழைக்கு மேல் வேண்டாம்.

இப்படிச் சோதிக்கும்போது அபூர்வமாக ஒன்று கிடைக்கும். நேராக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று கை நீளத்துக்கு ஒரு பக்கம் விலகும், யாரும் தொடாமலே மீண்டும் வழிக்கு வரும். கட்டையில் முட்டாமலே தடுமாறும் மீன் அது. நிலைத்து நிற்பதற்கும் கவிழ்வதற்கும் நடுவிலுள்ள விளிம்பில் அது ஓடுகிறது. உதட்டில் அரை மில்லிமீட்டர் தேய்த்தால் அந்தக் குணம் போய்விடும். ஒரே அச்சில் வார்க்கும் தொழிற்சாலைகள் இந்தக் குணத்தை எல்லாவற்றிலும் ஒரே சீராக வரவழைக்கப் படாத பாடுபடுகின்றன. மரத்தில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி என்பதால் கைவேலைக்காரனுக்கு அது கிடைத்துவிடுகிறது. அப்படி ஒன்று கையில் வந்தால் எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள்.

ஊரில் என் சித்தப்பா மகன் விரால் பிடிப்பவன். அமெரிக்காவில் பாஸுக்காகச் செய்த ரப்பர்த் தவளைகளைத்தான் இப்போது தமிழ்நாட்டுக் குளங்களில் அவனும் அவன் நண்பர்களும் விராலுக்கு எறிகிறார்கள். தொலைபேசியில் எப்போதும் அவன் முதல் கேள்வி, “அண்ணா, என்ன நிறம் பூசட்டும்?” என்பதுதான். பாஸ் மீனின் கண் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறியும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே நிறத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளியும் வெளிர்பச்சையும், கலங்கலுக்கு ஆரஞ்சோ கருப்போ போதும். அதற்கு மேல் மெனக்கெடுவது நம் ஆசைக்கு. அவனிடம் நான் சொல்லும் பதிலும் அதுதான்: “தம்பி, முதலில் ஓட்டத்தைப் பார்.”

1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸைப் பிடித்தார், அது உலக சாதனை. நம் கணக்கில் பத்துக் கிலோ. அவரும் நண்பரும் ஒரே ஒரு பொய்யிரையோடு போயிருந்தார்கள் என்பார்கள். அதுவும் மரத்தில் செய்ததுதான். 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் அந்தச் சாதனையைச் சமன் செய்தார். அவர் உயிருள்ள மீனை இரையாகப் போட்டார். விஞ்ச வேண்டுமானால் குறைந்தது இரண்டு அவுன்ஸ் கூடுதலாக வேண்டும் என்பது விதி, அதனால் பெர்ரியின் பெயர் இன்னும் ஏட்டில் இருக்கிறது.

நேரம் குறைகிறது என்று நிலையத்து நண்பர் கைகாட்டுகிறார். கோலையும் ரீலையும் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். மர மீனுக்கு விறைப்பான கோல் வேண்டாம், நடுவிலிருந்தே வளையும் கோல் எடுங்கள். விறைப்பாக இருந்தால் மீன் கடித்த வேகத்தில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். நரம்பு மெல்லியதாக இருந்தால் இரை இன்னும் ஆழம் போகும். தொடக்கக்காரர்களுக்கு மூடி போட்ட ரீல் நல்லது. ஆர். டி. ஹல் என்ற கடிகாரக்காரர், கடையில் பொட்டலம் கட்ட நூற்கண்டிலிருந்து நூலை உருவுவதைப் பார்த்துக் கண்டுபிடித்தது அது. ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகள் செய்த நிறுவனம் 1949இல் அதைத் தயாரித்தது. அதே 1949இல் ஒஹையோவில் நிக் கிரீம் செய்த ரப்பர் போன்ற மண்புழுவைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

ஒன்றை மட்டும் அவசரமாகவாவது சொல்லிவிடுகிறேன். ஈயக்குண்டை வீட்டில் உருக்குகிறவர்கள் காற்றோட்டமான வெளியிடத்தில் உருக்குங்கள். சமையலறை வேண்டாம், சமையல் பாத்திரம் வேண்டவே வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது. ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது ஆவியாகி, உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஏரியில் அறுந்து விழும் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி லூன் என்ற நீர்ப்பறவைகள் செத்துப்போகின்றன. நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களில் அந்தக் குண்டுகளுக்குத் தடையே இருக்கிறது. பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.