தீவுக்குப் போகும் குட்டி விமானம்

அவைத் தலைவர் அவர்களே, பணிகளுக்கு நடுவே வந்திருக்கும் கிளாஸ்கோ நகர மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த தேவாலய நிர்வாகிகளே, எனக்கு முன்பு அருமையாகப் பேசிய மருத்துவர் ஐயா அவர்களே, காலையிலிருந்து சமையற்கட்டில் நிற்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தின் லோகன்ஏர் விமான நிறுவனத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன்: அது பிறந்த கதை, பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஃப்ளைபீ என்று பிறர் பெயரில் அது பறந்த காலம், அப்புறம் கட்டணம். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பார்கள். இந்த நிறுவனத்துக்காகவே சொன்னது போல இருக்கிறது.

1962இல் வில்லி லோகன் என்ற கட்டுமானத் தொழிலதிபர் பைப்பர் ஆஸ்டெக் என்ற ஒரேயொரு சிறு விமானத்தை வைத்து, எடின்பரோவில் வாடகை விமானச் சேவையாக இதைத் தொடங்கினார். டே நதிக்குக் குறுக்கே பெரிய சாலைப் பாலம் கட்டியது அவருடைய குடும்ப நிறுவனம். 1966 ஜனவரியில் அவர் வேறொரு நிறுவனத்தின் விமானத்தை அமர்த்திக்கொண்டு இன்வர்னெஸுக்குப் போனார். அந்த விமானம் மலையில் மோதி அவர் இறந்துபோனார். அதே ஆண்டு ஆகஸ்டில் பாலம் திறக்கப்பட்டபோது அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் அவர் தொடங்கிய நிறுவனம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கும் ஆர்க்னி தீவுகளுக்கு இடையே பறக்க ஆரம்பித்தது. அங்கே வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. கால அட்டவணையில் இரண்டு நிமிடம் போட்டிருப்பார்கள். காற்று நன்றாக அமைந்த ஒரு நாளில் 53 நொடியில் போயிருக்கிறார்கள். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானத் தடம் அதுதான். பாப்பா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட இல்லை. அவர்களைத் தேடி ஆசிரியரும் மருத்துவரும் அந்தக் குட்டி ஐலண்டர் விமானத்தில்தான் வருகிறார்கள்.

என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்த சமயம். ஸ்காட்லாந்தின் மேற்கே பாரா தீவில் செவிலியராக இருக்கும் என் அண்ணன் மகளைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே பலருக்குத் தெரியும், பாராவில் ஓடுபாதை கடற்கரை மணல்தான். கடல் ஏறினால் ஓடுபாதை தண்ணீருக்குள் போய்விடும். அதனால் கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் விமானம் வரும், போகும். இதை நான் அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. விமானம் தாழ்ந்தது, ஜன்னலில் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். அம்மா "முருகா, முருகா" என்று என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்துவிட்டது. சக்கரம் மணலைத் தொட்டதும் தண்ணீர் சிதறி ஜன்னல் வரைக்கும் அடித்தது. படியிறங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றினார். மணலில் தேங்கி நின்ற கடல்நீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, கிழக்கு எது என்று என்னைக் கேட்டார். பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஊழியர் ஓடிவந்து, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா அம்மா என்று விசாரித்தார். "ராமேசுவரத்தில்கூடப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துதான் போகணும். இங்கே கடலிலேயே இறக்கிவிடுகிறார்கள்" என்று அம்மா என்னிடம் சொன்னார். அந்த விமானத்தில் இருந்தவை பத்தொன்பது இருக்கைகள்தான். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது!

சிரித்தது போதும், ஒரு துக்கத்தையும் சொல்ல வேண்டும். 1967 முதல் 2006 வரை தீவு நோயாளிகளை இந்த நிறுவனத்தின் விமானங்கள் சுமந்து வந்தன. 2005 மார்ச்சில், மேற்குக் கரையோர ஊரான கேம்பல்டவுனில் இருந்த ஒரு சிறுவனை மருத்துவமனைக்கு அழைத்துவரப் புறப்பட்ட ஐலண்டர் இரவில் கடலில் விழுந்தது. விமானியும் உடன் போன மருத்துவ உதவியாளரும் இறந்தார்கள். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைக்காக அந்த நேரத்தில் கிளம்பியவர்கள் அவர்கள். தீவுத் தடங்களுக்கு அரசும் ஆர்க்னி கவுன்சிலும் ஏன் பணம் கொடுக்கின்றன என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நூறு பேர் வாழும் தீவுக்கு லாபக் கணக்குப் பார்த்து எந்த விமானமும் போகாது.

இப்போது நான் வந்த காரியம். தீவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு அடிப்படைக் கட்டணத்தில் பாதியை ஸ்காட்லாந்து அரசு தள்ளுபடி செய்கிறது. நல்ல திட்டம், யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் சில மாதம் மட்டும் அங்கே போய் வேலை செய்கிற செவிலியர், மருத்துவர் நிலைமை என்ன? வீடு கிளாஸ்கோவில், வேலை தீவில். அவர்களுக்குத் தள்ளுபடி இல்லை. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இந்த வேலைக்குப் போய்வருகிறார்கள்! ஊருக்கு வந்துபோகிற செலவு கட்டுப்படியாகாமல் போனால் யார் அங்கே போவார்கள்? சலுகையை அவர்களுக்கும் நீட்டித்தாக வேண்டும். நகர மன்ற உறுப்பினர் அம்மையார் இதை எடின்பரோவில் உள்ள அரசாங்கத்தாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பிறர் பெயரில் பறந்த காலத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. 2017இலிருந்து மீண்டும் சொந்தப் பெயரில் பறக்கிறது, அது போதும். தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசல் பக்கத்து மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தீவில் வேலை செய்கிற உறவினர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். வணக்கம்.